தொப்புளில் நிற்காத இரத்தம்

இல்லற நலம்

பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி உலர்ந்து விழும் நாளை எல்லா வீடுகளிலும் எதிர்பார்த்திருப்பர். பொதுவாக ஐந்து முதல் பதினைந்து நாட்களுக்குள் அது தானாகவே உதிர்ந்துவிடும். அதன் பின்னரே பாட்டிமார் குழந்தையை அச்சமின்றிக் கையில் எடுப்பர். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவர். திருமுழுக்குக்கு நாள் குறிப்பர். கொடி விழும் வேளையில் ஓரிரு துளி இரத்தம் துணியில் படிவது இயல்பே. அதற்காகக் கலங்க வேண்டுவதில்லை.

ஆனால் மிகச் சில குழந்தைகளுக்கு அந்த இரத்தம் நிற்பதில்லை. துளித்துளியாகக் கசிந்துகொண்டே இருக்கும். இன்று நின்றதுபோல் தோன்றும். நாளை மீண்டும் தொடங்கும். வீட்டுப் பெரியவர்கள் மஞ்சளோ சாம்பலோ வைத்துக் கட்டுவர். 'கொடி சரியாகக் காயவில்லை' என்று அக்கம்பக்கத்தார் ஆறுதல் கூறுவர். சில நாட்களில் எப்படியோ கசிவு அடங்கிவிடும். அனைவரும் அதை மறந்தும்விடுவர். அங்ஙனம் மறக்கலாகாத ஒரு நோயைப் பற்றியே இம்மாதம் எழுத விரும்புகிறோம்.

மூன்று கிலோ எடையுள்ள பச்சிளங் குழந்தையின் உடலில் உள்ள மொத்த இரத்தம் எவ்வளவு என்று எண்ணுகிறீர்கள்? ஏறத்தாழ 250 மில்லி லிட்டர்; அதாவது, நாம் காப்பி அருந்தும் பெரிய தம்ளர் ஒன்றில் அடங்கும் அளவு. அத்தனை சிறிய கொள்கலத்திலிருந்து இரவு முழுதும் சொட்டுச் சொட்டாக ஒழுகினால் என்ன ஆகும் என்பதை நாமே கணக்கிட்டுக் கொள்ளலாம். ஆகவே, துணியை இரண்டாம் முறை நனைக்கும் தொப்புள் கசிவு எதுவாயினும் மருத்துவரிடம் காட்டப்பட வேண்டியதே. அதற்குக் காரணங்கள் பல. கட்டிய நூல் தளர்ந்திருக்கலாம். தொப்புளில் சீழ் பிடித்திருக்கலாம். வைட்டமின் 'கே' குறைவாக இருக்கலாம். பிறந்தவுடன் குழந்தையின் தொடையில் போடப்படும் சிறு ஊசி இந்தக் கடைசிக் குறையைத் தடுப்பதற்கே. இவை யாவும் இல்லை என்றான பின்னும் கசிவு ஏன் என்று விளங்காவிடில், அரிய பரம்பரை நோய் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். 'பதின்மூன்றாம் உறைகாரணிக் குறைவு' என்பது அதன் பெயர்.

இருபது இலட்சம் பேரில் ஒருவருக்கு வருவதாக மருத்துவ நூல்கள் மதிப்பிடும் நோய் இது. இவ்வளவு அரியதைப் பற்றி நம் குடும்பங்கள் ஏன் அறிய வேண்டும் என்று கேட்கலாம். அறிந்தவர்களின் குழந்தை பிழைக்கிறது. அறியாதவர்களின் குழந்தை பல வேளைகளில் பிழைப்பதில்லை என்பதே விடை. மேலும், உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கம் உள்ள நாடுகளில் இந்த அரிய நோய் அத்தனை அரியதாக இருப்பதில்லை.

இரத்தம் உறைவது எவ்வாறு?

விரலில் கத்தி பட்டவுடன் உடல் மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலாவதாக, அறுந்த இரத்தக் குழாய் சுருங்குகிறது. இரண்டாவதாக, இரத்தத்தில் மிதக்கும் தட்டணுக்கள் விரைந்து வந்து காயத்தின் வாயில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடைக்கின்றன. மூன்றாவதாக, இரத்த நீரில் கரைந்திருக்கும் பல புரதங்கள் ஒன்றையொன்று வரிசையாகத் தூண்டி, முடிவில் 'பைப்ரின்' எனப்படும் நுண்ணிய இழைகளை உண்டாக்குகின்றன. இவ்விழைகள் வலைபோல் படர்ந்து அடைப்பை மூடுகின்றன. இப்புரதங்களையே உறைகாரணிகள் என்கிறோம். அவற்றுக்கு ரோமன் எண்களைப் பெயராக இட்டிருக்கிறார்கள். நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கும் ஹீமோபிலியா நோய் எட்டாம் காரணியோ ஒன்பதாம் காரணியோ குறைவதால் வருவது.

பதின்மூன்றாம் காரணியே இவ்வரிசையில் இறுதியானது. அதன் வேலையை அறிய, பூத்தொடுக்கும் பெண்ணொருத்தியை மனத்தில் கொள்ளுங்கள். மல்லிகை மொட்டுகளை இணையிணையாக நூலின்மேல் வரிசையாக வைக்கிறாள். பார்ப்பவர் கண்ணுக்கு அது சரமாகவே தோன்றும். ஆனால் ஒவ்வோர் இணைக்கும் அவள் முடிச்சிட்டால்தான் அது சரம். முடிச்சிடாத வரிசையைக் கையில் தூக்கினால் மொட்டுகள் அத்தனையும் மடியில் உதிர்ந்துவிடும். பைப்ரின் இழைகளுக்கு அந்த முடிச்சை இடுவதே பதின்மூன்றாம் காரணி. அது இழைகளைக் குறுக்கே பிணைத்து இறுக்குகிறது. உறைந்த கட்டியைக் கரைக்க உடலே அனுப்பும் பொருள்களிலிருந்து அக்கட்டியைச் சில நாட்கள் காத்தும் நிற்கிறது. அதற்குள் காயம் ஆறிவிடும்.

இக்காரணி இல்லாத குழந்தைக்கும் இரத்தம் உறையும். உரிய நேரத்தில் உறையும். ஆனால் அந்த உறைவு நிலைக்காது. சில மணி நேரம் கழித்து, அல்லது மறுநாள், கட்டி கரைந்து இரத்தம் மீண்டும் வழியத் தொடங்கும். அடிபட்ட அன்று ஒன்றுமில்லாதிருந்து, பன்னிரண்டு முதல் முப்பத்தாறு மணி நேரத்துக்குப் பின் வீக்கமும் கசிவும் தோன்றுவது இந்நோயின் தனிக்குணம்.

சோதனைகள் ஏன் சரியாகவே வருகின்றன?

குழந்தைக்கு இரத்தம் நிற்கவில்லை என்றால் மருத்துவர் முதலில் செய்விக்கும் சோதனைகள் மூன்று: தட்டணுக்களின் எண்ணிக்கை ஒன்று, இரத்தம் உறைய எத்தனை வினாடி ஆகிறது என்று வெவ்வேறு முறையில் அளக்கும் சோதனைகள் இரண்டு. பெரும்பாலான நோய்களை இம்மூன்றும் காட்டிக் கொடுத்துவிடும். பதின்மூன்றாம் காரணிக் குறைவை மட்டும் இவை காட்டா. காரணம் வெளிப்படை. மொட்டுகள் வரிசையில் வைக்கப்பட எவ்வளவு நேரமாயிற்று என்பதையே இச்சோதனைகள் அளக்கின்றன. முடிச்சு விழுந்ததா என்று அவை பார்ப்பதில்லை. ஆகவே 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்ற தாளைக் கையில் வாங்கிக்கொண்டு பெற்றோர் நிம்மதியாக வீடு திரும்புகின்றனர். தாளில் எழுதியிருப்பதும் பொய் அன்று. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் கேட்கப்படவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்கும் சோதனை மிக எளியது. குழந்தையின் இரத்த நீரைக் கண்ணாடிக் குழாயில் உறையவைத்து, அந்தக் கட்டியைச் செறிவான யூரியாக் கரைசலில் இடுவர். ஆம், வயலுக்கு நாம் இடும் யூரியாவும் இதே பொருள்தான். முடிச்சுகள் உள்ள கட்டி இருபத்து நான்கு மணி நேரம் கழிந்தும் அப்படியே இருக்கும். முடிச்சுகள் இல்லாத கட்டியோ சில நிமிடங்களில், அல்லது சில மணி நேரத்தில், கரைந்து மறைந்துவிடும். இதையே 'உறைகட்டி கரைதிறன் சோதனை' என்பர். பெரிய கருவி எதுவும் இதற்கு வேண்டுவதில்லை. கடுமையான குறைவை மட்டுமே இது காட்டும் என்பதால், காரணியின் அளவை நேராக அளக்கும் சோதனையும் தொடர்ந்து செய்வது முறை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மருத்துவமனைகளின் இரத்தவியல் துறைகளில் இவற்றைச் செய்விக்கலாம்.

இங்கே பெற்றோர் மறவாதிருக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. குழந்தைக்கு இரத்தமோ பிளாஸ்மாவோ ஏற்றிய பின் எடுக்கும் மாதிரியில், கொடுத்தவருடைய காரணி கலந்திருக்கும். அது பல வாரங்கள் உடலில் தங்குமாதலால், சோதனை தவறாகச் 'சரி' என்று சொல்லிவிடும். எனவே, இயன்றவரை ஏற்றுவதற்கு முன்னரே மாதிரி எடுத்து வைக்கும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்காக உயிர்காக்கும் சிகிச்சையைத் தாமதப்படுத்தக் கூடாது என்பதும் உண்மை. ஒரு சிறு குழாய் இரத்தம் எடுத்து வைக்க ஒரு நிமிடமே ஆகும்.

இந்த அறிவு வந்த வரலாறும் சுவையானது. ஹங்கேரியில் பிறந்த கல்மான் லாக்கி, லாஸ்லோ லோராண்ட் என்னும் அறிஞர் இருவர், உறைகட்டி யூரியாவில் கரையாதிருக்கச் செய்யும் பொருள் ஒன்று இரத்தத்தில் இருப்பதை 1948-இல் எடுத்துரைத்தனர். அப்பொருள் இல்லாமல் பிறந்த மனிதர் எவரையும் அப்பொழுது யாரும் அறிந்திருக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1960-இல், சுவிட்சர்லாந்தில் டுக்கெர்ட் என்பாரும் உடன் பணியாற்றியோரும், இரத்தம் கசியும் இயல்பும் ஆறாத புண்களும் கொண்ட சிறுவன் ஒருவனிடம் இக்குறையைக் கண்டறிந்தனர். 1963-இல் அப்பொருளுக்குப் பதின்மூன்றாம் காரணி என்ற எண் வழங்கப்பட்டது.

அறிகுறிகளை அறிவது எப்படி?

இந்நோயுற்ற குழந்தைகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்குத் தொப்புள் கசிவே முதல் அறிகுறியாக அமைகிறது. பிறந்த மூன்று வாரங்களுக்குள் அது நிகழ்ந்துவிடுகிறது. உடல் தன் நோயைத் தானே எழுதி அனுப்பும் கடிதம் இது என்று சொல்லலாம். பல வீடுகளில் இக்கடிதம் படிக்கப்படாமலே போய்விடுகிறது.

தொடர்ந்து வரும் அறிகுறிகளும் உள்ளன. பல் முளைக்கும் பருவத்தில் உதட்டையோ நாவையோ கடித்துக்கொண்டால் நாள்கணக்கில் இரத்தம் கசியும். தவழும்போது முட்டிய இடமெல்லாம் கருநீலமாகக் கன்றிப் புடைக்கும். தடுப்பூசி போட்ட இடம் மறுநாள் வீங்கும். காயம் ஆறத் தாமதமாகும். ஆறிய பின்னும் தழும்பு விகாரமாக இருக்கும். நம் மக்கள் வேளாங்கண்ணியிலும் பிற திருத்தலங்களிலும் நேர்த்திக்கடனாகக் குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்துவதுண்டு. அவ்வேளையில் பட்ட சிறு கீறலும் இத்தகைய குழந்தைக்குப் பெருந்தொல்லையாகலாம்.

இவை யாவற்றினும் கொடியது தலைக்குள் நிகழும் இரத்தக் கசிவு. இந்நோய்க்கு ஆளானோரில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு இது நேர்வதாக மருத்துவர் கூறுவர். வேறு எந்தப் பரம்பரை இரத்தக் கசிவு நோயிலும் இவ்வளவு மிகுதியாக இது காணப்படுவதில்லை. கட்டிலிலிருந்து விழுந்தது போன்ற சிறு அடியும் போதும். சில வேளைகளில் அடியே இல்லாமலும் நேரும். உயிர் தப்பினாலும் வலிப்பு, கைகால் முடக்கம், அறிவு வளர்ச்சிக் குறை ஆகியவை எஞ்சலாம். குழந்தை ஓயாமல் வீறிட்டு அழுதல், பால் குடிக்க மறுத்தல், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தல், உச்சிக்குழி புடைத்தல், மயங்கித் துவளுதல், வலிப்பு வருதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் விடியும்வரை காத்திருக்கலாகாது.

தொப்புள் கசிவுக்கும் தலைக்குள் நேரும் கசிவுக்கும் இடையில் பெரும்பாலும் சில மாதங்களோ சில ஆண்டுகளோ இடைவெளி கிடைக்கிறது. அந்த இடைவெளிக்குள் நோயைக் கண்டுகொள்வதா, விட்டுவிடுவதா என்பதில்தான் ஒரு குழந்தையின் வாழ்வு அடங்கியிருக்கிறது.

மாதம் ஒரு முறை போதும்

இவ்வளவு அச்சுறுத்தும் நோய்க்கு வியக்கத்தக்க அளவில் எளிய தடுப்பு உண்டு என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. நோயை வேரோடு நீக்க இயலாது; ஆனால் குறையும் காரணியை வெளியிலிருந்து கொடுக்கலாம். பதின்மூன்றாம் காரணிக்கு இயற்கை இருவகையில் இரக்கம் காட்டியிருக்கிறது. முதலாவது, இயல்பான அளவில் ஒரு சிறு பங்கு இருந்தாலே பெரும்பாலான கடுங்கசிவுகள் தடுக்கப்படும். இரண்டாவது, ஏற்றிய காரணி நெடுநாள் உடலில் தங்கும். ஹீமோபிலியாவில் குறையும் எட்டாம் காரணி ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆகவே அக்குழந்தைகளுக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை அதைக் கொடுக்க வேண்டியுள்ளது. பதின்மூன்றாம் காரணியோ பாதியாவதற்கு ஒன்பது முதல் பதினான்கு நாட்கள் வரை ஆகும். எனவே மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு முறை ஏற்றினாலே குழந்தை மற்றப் பிள்ளைகளைப்போல் ஓடியாடி வளர முடியும்.

எதை ஏற்றுவது? இதற்கென்றே தூய்மைப்படுத்திய மருந்து அமெரிக்காவில் 2011-இல் ஒப்புதல் பெற்றது. மனித இரத்தத்திலிருந்து எடுக்காமல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கும் வகையும் 2013-இல் அங்கு ஒப்புதல் பெற்றது. இரண்டும் 28 நாட்களுக்கு ஒரு முறை கொடுக்கப்படுவன. ஆனால் இவற்றின் விலை ஏழைக் குடும்பங்களுக்கு எட்டாதது. நம் நாட்டில் பெரும்பாலும் பயன்படுவது 'கிரையோபிரெசிபிடேட்' எனப்படும் இரத்தப் பகுதியே. இதைக் கண்டறிந்தவர் ஜூடித் பூல் என்னும் அமெரிக்கப் பெண்மணி. உறையவைத்த பிளாஸ்மாவைக் குளிர்ப்பெட்டியின் தட்பத்திலேயே மெல்ல இளகவிட்டால் அடியில் வெண்மையான வண்டல் தங்குவதையும், அதில் உறைகாரணிகள் செறிந்திருப்பதையும் அவரும் உடன் உழைத்தோரும் 1964-இல் வெளியிட்டனர். ஹீமோபிலியா நோயாளிகளுக்காகச் செய்த அந்த ஆராய்ச்சி, அதே வண்டலில் இருந்த பதின்மூன்றாம் காரணியால் இக்குழந்தைகளுக்கும் வாழ்வளித்தது. இரத்த வங்கி உள்ள பெரிய மருத்துவமனைகளில் இது கிடைக்கும். கிரையோ கிடைக்காத இடத்தில் புத்துறை பிளாஸ்மாவும் பயன்படும்.

இரத்தப் பொருள் எதுவாயினும் தொற்றுநோய் அச்சம் சிறிது உண்டு. ஆகவே சோதித்த இரத்தத்தைத் தரும் நம்பகமான வங்கியையே நாட வேண்டும். குழந்தைக்கு மஞ்சள் காமாலைத் தடுப்பூசியை உரிய காலத்தில் போட்டுவிட வேண்டும்.

சிகிச்சை பெறும் குடும்பங்களைக் குலைப்பது ஒன்று உண்டு. குழந்தை ஆறு மாதம் நலமாக இருந்துவிட்டால், 'இனி எதற்கு இந்த அலைச்சல்?' என்று ஒரு மாதம் தவறவிடுவர். பேருந்துச் செலவு, ஒரு நாள் கூலி இழப்பு, மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளின்மை ஆகிய யாவும் உண்மையான இடர்களே. ஆயினும் அந்த நலம் ஏற்றியதால் வந்த நலம். தவறவிட்ட மாதத்தில் நேரும் ஒரு வீழ்ச்சி ஆண்டுகள் பலவற்றின் உழைப்பை அழித்துவிடக்கூடும். வீட்டு நாட்காட்டியில் அந்நாளைச் சிவப்பு மையால் குறித்து வையுங்கள்.

பரம்பரையும் திருமணமும்

இந்நோய் ஒட்டுவதன்று. கர்ப்பிணி உண்ட உணவாலோ, கிரகணம் பார்த்ததாலோ, எவர் கண்பட்டதாலோ வருவதும் அன்று. ஒவ்வொருவருக்கும் இக்காரணியை உண்டாக்கும் மரபணு இரண்டு பிரதிகளாக உள்ளது: ஒன்று தந்தை தந்தது, மற்றொன்று தாய் தந்தது. ஒன்று பழுதாயிருந்து மற்றொன்று நலமாயிருந்தால் அவருக்கு நோயில்லை. பெரும்பாலும் தம்மிடம் பழுது இருப்பதையே அவர் அறியார். அத்தகைய இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் நோயுள்ள குழந்தை பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. முதற்குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூவரும் தப்புவர் என்பது இல்லை. ஒவ்வொரு முறையும் அதே நான்கில் ஒன்றுதான். பழுது இரு பக்கத்திலிருந்தும் சமமாகவே வருகிறது. ஆகவே மருமகளைக் குறை கூறும் மாமியாருக்கு நாம் சொல்ல வேண்டியது, பாதி உங்கள் மகனிடமிருந்து வந்தது என்பதே.

இனி உறவுமுறைத் திருமணத்துக்கு வருவோம். இருபது இலட்சத்தில் ஒருவருக்கு நோய் என்றால், பழுதான மரபணுவைச் சுமப்பவர் ஏறத்தாழ 700 பேரில் ஒருவர் என்று கணக்கு வரும். பழுதைச் சுமக்கும் ஆண் ஒருவர் அயற்குடும்பத்தில் பெண் கொண்டால், அவளும் அதையே சுமக்கும் வாய்ப்பு 700-இல் ஒன்று. அவரே அத்தை மகளையோ மாமன் மகளையோ மணந்தால், ஒரே தாத்தா பாட்டியின் வழிவந்த அதே பழுது அவளிடமும் இருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்றாக உயர்கிறது. அக்காள் மகளை மணந்தால் நான்கில் ஒன்று. இந்த வேறுபாட்டைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள்.

ஈரான் நாட்டின் தென்கிழக்கில் உள்ள சீஸ்தான்–பலூச்சிஸ்தான் மாநிலம் இதற்குச் சான்று. உலகிலேயே இந்நோய் மிகுதியாகக் காணப்படும் பகுதி அது. நோயாளிகள் நூற்றுக்கணக்கில் உள்ளனர். பெரும்பாலோரிடம் காணப்படுவது ஒரே வகையான பழுது. முன்னோர் ஒருவரிடம் தோன்றிய மாற்றம், உறவுக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கத்தால் தலைமுறை தலைமுறையாகப் பெருகியதே காரணம். தமிழகத்திலும் இவ்வழக்கம் வலுவாக உள்ளது. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இங்கே மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர் உறவுக்குள் மணந்தவர்கள்.

முறைப்பெண்ணை மணப்பது தலைமுறைகளாக நம்மிடையே வேரூன்றிய வழக்கம். சொத்துச் சிதறாமை, அறிந்த இடத்தில் பெண் வாழ்தல், வரதட்சணைச் சுமை குறைதல் என அதற்கு நியாயங்கள் கூறுவர். உறவில் மணந்தோரின் குழந்தைகளில் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கின்றனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் திருச்சபை இதில் முற்காலம் முதலே எச்சரிக்கையாக இருந்து வருகிறது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 1091-ஆம் சட்டத்தில், பக்கவழி உறவில் நான்காம் படிவரை திருமணத்துக்குத் தடை விதிக்கிறது. தாய்மாமனும் அக்காள் மகளும் மூன்றாம் படி. அத்தை மாமன் பிள்ளைகள் நான்காம் படி. இத்தடையிலிருந்து ஆயர் விதிவிலக்கு அளிக்கக் கூடும். நம் பங்குகளில் பலர் அதைக் கேட்டுப் பெறுவதும் உண்டு.

விதிவிலக்கு பெற்றுவிட்டால் மருத்துவ அச்சமும் நீங்கிவிட்டதாகச் சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. விதிவிலக்குத் திருமணத்தைச் செல்லுபடியாக்கும், மரபணுவை மாற்றாது. எனவே, ஓலை வாசிக்கும் முன்னர், பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் சேர்ந்து அமர்ந்து கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில உண்டு. நம் குடும்பத்தில் கைக்குழந்தைகள் எவரேனும் இறந்ததுண்டா? இறந்தது எதனால்? எவருக்கேனும் தொப்புளில் இரத்தம் நிற்காதிருந்ததா? 'ஜன்னி கண்டு இறந்தது', 'சீர் தட்டியது' என்று பாட்டி சொல்லும் அந்தக் குழந்தைக்கு உண்மையில் நேர்ந்தது என்ன? கல்லறைத் தோட்டத்தில் பெயர் பொறிக்கப்படாத சிறு மேடுகளைப் பற்றிய இக்கேள்விகள் மனத்தை வருத்தும். ஆயினும் அந்த விடைகளே பிறக்கப் போகும் குழந்தைக்குக் காவல்.

குடும்பத்தில் ஒருவருக்கு நோய் உறுதியாகியிருந்தால், எந்த இடத்தில் பழுது என்பதை மரபணுச் சோதனையால் கண்டுகொள்ளலாம். பின்னர் உற்றார் உறவினரில் அதைச் சுமப்பவர் யார் என்பதும் தெரியவரும். காரணியின் அளவைப் பார்த்து மட்டும் இதைத் திட்டமாகச் சொல்ல இயலாது. முன்னரே தெரிந்திருந்தால், பிறக்கும் குழந்தையை முதல் நாளிலேயே சோதித்து, தேவைப்படின் முதல் வாரத்திலேயே தடுப்புச் சிகிச்சையைத் தொடங்கிவிடலாம். முதற்குழந்தையை இழந்த வீட்டில் இரண்டாங் குழந்தை நலமுடன் வளர்வது இவ்வறிவினாலேயே.

பெண்மக்களை மறவாதீர்

இரத்தம் உறையாத நோய் என்றவுடன் பலருக்கும் ஹீமோபிலியாவே நினைவுக்கு வரும். அது தாய்வழியாகப் பெரும்பாலும் ஆண்மக்களுக்கே வருவது. இதனால் பெண்குழந்தைக்கு இத்தகைய நோய் வாராது என்ற எண்ணம் படித்தவர்களிடமும் உண்டு. பதின்மூன்றாம் காரணிக் குறைவு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவில் வரும்.

குழந்தைப் பருவத்தைத் தாண்டிய பெண்ணுக்கு இன்னொரு துயரம் காத்திருக்கிறது. கரு தாயின் கருப்பையில் பற்றி நிற்பதற்கும் இக்காரணி தேவை. சிகிச்சையில்லாத பெண்ணுக்குக் கரு திரும்பத் திரும்பச் சிதையும். 'பிள்ளை தங்காதவள்' என்ற பழிச்சொல்லை அவள் சுமக்க நேரும். ஆனால் கருவுற்ற தொடக்கம் முதல் காரணியைத் தவறாமல் ஏற்றிவந்தால், இந்நோயுள்ள பெண்ணும் நிறைமாதக் குழந்தையைப் பெற்றெடுக்க முடியும். பலர் அங்ஙனம் பெற்றிருக்கின்றனர். பழி பேசுவதற்கு முன் ஒரு குழாய் இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பது நியாயமன்றோ?

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

நோய் உறுதியான குழந்தையைப் பொத்திப் பொத்தி வளர்க்க வேண்டுவதில்லை. பள்ளிக்கு அனுப்புங்கள், விளையாட விடுங்கள். சிலவற்றில் மட்டும் விழிப்பாயிருங்கள்.

காய்ச்சலுக்கும் வலிக்கும் ஆஸ்பிரின், இபுபுரூபன் ஆகியவற்றை மருத்துவரைக் கேளாமல் கொடாதீர்கள், பாரசிட்டமால் கொடுக்கலாம். தடுப்பூசிகளை ஒன்றும் விடாதீர்கள். காரணி ஏற்றியதை அடுத்த நாட்களில், மெல்லிய ஊசியால் போடச் செய்து, அந்த இடத்தைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். காது குத்துதல், பல் பிடுங்குதல், எந்தச் சிறு அறுவையாயினும் முன்னதாகவே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தலையில் அடிபட்டால் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இந்நோயில் கசிவு தாமதித்து வருவதால், அப்போதைய சிரிப்பை நம்பலாகாது. படம் எடுத்துப் பார்க்கும் வரை காத்திராமல் முதலில் காரணியை ஏற்றும்படி கேளுங்கள். நோயின் பெயர், இரத்த வகை, சிகிச்சை பெறும் மருத்துவமனை ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிக் குழந்தையின் பள்ளிப் பையிலும் உங்கள் சட்டைப்பையிலும் வைத்திருங்கள். வகுப்பாசிரியரிடமும் சொல்லி வையுங்கள். 1983-இல் தொடங்கப்பெற்ற இந்திய ஹீமோபிலியா கூட்டமைப்பின் கிளைகளை அணுகினால், எங்கே சோதனை செய்வது, எங்கே மருந்து கிடைக்கும் என்பதற்கு வழி கேட்கலாம்.

ஒவ்வொரு பங்கும் செய்யக்கூடியது

கிரையோபிரெசிபிடேட் எந்தத் தொழிற்சாலையிலும் விளைவதில்லை. முன்பின் அறியாத ஒருவர் இரத்த வங்கியில் கை நீட்டிப் படுத்திருந்து கொடுத்த இரத்தத்திலிருந்தே அது பிரிக்கப்படுகிறது. அதை உறையவைத்து ஓராண்டு வரை காத்து வைக்கலாம். நம் இளைஞர் இயக்கங்கள் ஆலயத் திருவிழாவை ஒட்டி இரத்ததான முகாம் நடத்தும்போது, அதில் சேரும் ஒவ்வொரு பையும் எங்கோ ஒரு குழந்தையின் அடுத்த மாதமாக அமையக் கூடும்.

பிள்ளைப்பேற்றுக்குத் துணை நிற்கும் செவிலியர், கிராம நலப் பணியாளர், பேறுகாலம் பார்க்கும் பாட்டிமார் ஆகியோருக்கும் ஒரு சொல். தொப்புளில் இரத்தம் நிற்காத குழந்தையைக் கண்டால் மஞ்சள் வைத்துக் கட்டி அனுப்பிவிடாதீர்கள். பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். முதற்சோதனைகள் சரியாக இருந்தும் கசிவு நிற்கவில்லையெனில், 'பதின்மூன்றாம் காரணிக்கான சோதனை செய்தாயிற்றா, ஐயா?' என்று பணிவோடு கேட்கும்படி தாய்க்குச் சொல்லிக் கொடுங்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பார்த்த மருத்துவரும் தம் வாழ்நாளில் இந்நோயை ஒரு முறையும் கண்டிராமல் இருக்கலாம். தாய் கேட்கும் அந்த ஒரு கேள்வி அவருக்கும் உதவியாகும்.

குழந்தை பிறந்த நாள், எடை, திருமுழுக்கு நாள் ஆகியவற்றைக் குடும்பக் குறிப்பேட்டில் எழுதி வைக்கும் நல்ல வழக்கம் நம் இல்லங்கள் பலவற்றில் உண்டு. அவற்றோடு இன்னும் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: கொடி விழுந்த நாள் எது, அன்று இரத்தம் கண்டதா, எப்பொழுது நின்றது. பெரும்பாலான இல்லங்களில் அந்த வரி ஒருநாளும் பயன்படாது. பயன்படும் இல்லத்தில் அது ஓர் உயிரைக் காக்கும்.